புகை அறைக்குள் யார்

பழிவாங்கிய கதைதானே கேட்டீர்கள், கண்ணுகளா? சொல்கிறேன், சாய்ந்து உட்காருங்கள். அந்தக் கதவை மட்டும் யாரும் சாத்த வேண்டாம். சாத்திய கதவுகள் இந்தக் கதைக்குள்ளேயே வேண்டிய அளவு வருகின்றன.

பூம்பாறையில் பூண்டை எப்படிப் பாதுகாக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறந்ததுதான். பிடுங்கிய பூண்டை இலைத்தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, வீட்டை ஒட்டியிருக்கும் ஓர் அறையின் உத்தரத்தில் தொங்கவிடுவோம். கீழே ஈர விறகைப் போட்டுப் புகைய விடுவோம். தீ எரியக் கூடாது, புகைதான் வேண்டும். அந்தப் புகை பட்டால் பூண்டு மாதக்கணக்கில் கெடாது. வீட்டுக் கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர்தான். கதவு பின்பக்கச் சந்தைப் பார்த்து இருக்கும், தாழ்ப்பாள் வெளிப்பக்கம். புகை போட்ட அறையின் கதவு திறந்து கிடந்தால், அது பங்காளி வீடானாலும் பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும், அந்த வழியே போகிறவர் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் நகர்வார். யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாகப் போகும். புகை வீணாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நடக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது.

அந்த வழக்கம்தான் மகாதேவியை மாட்டிவிட்டது.

அப்போது அவளுக்குப் பத்தொன்பதோ இருபதோ. கொடைக்கானல் போகும் காலைப் பஸ்ஸில் அவளுக்கும் மனோஜ்குமாருக்கும் பழக்கம். அவள் தையல் வகுப்புக்குப் போவாள், அவன் கல்லூரிக்கு. ஒரு பகலில் அவன்தான் கூப்பிட்டான். "அம்மா தோட்டத்துக்குப் போயிருக்கு. வீட்டுக்கு வா, நம்ம விசயமா ஒண்ணு பேசணும்." அவளும் போனாள். பேச்சு தொடங்கவில்லை, வாசலில் ஜீப் வந்து நின்றது. பெரியகுளத்திலிருந்து அவனை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள். தோட்டத்து வழியில் ஏறிக்கொண்டு அவர்களோடு ஜீப்பிலிருந்து இறங்கியது அவன் அம்மா கருப்பம்மாள். மனோஜ் மகாதேவியின் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப்போய்ப் புகை அறைக்குள் தள்ளினான். "செத்த நேரம் இரு. இவங்க போனதும் கூட்டிக்கிறேன்."

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கதவை அவன் ஒருக்களித்துத்தான் வைத்தான். காபிக்குப் பால் வாங்கப் பக்கத்து வீட்டுக்குச் சந்து வழியாகப் போன கருப்பம்மாள் அதைப் பார்த்தாள். கை தானாகப் போனது. திரும்பி வந்து விருந்தாளிகளிடம் பெருமையாக வேறு சொன்னாள்.

"பொகை அறைய எந்தக் கூறுகெட்டதோ தெறந்து போட்டுட்டுப் போயிருக்கு. நான்தான் சாத்திட்டு வந்தேன்."

மனோஜின் காதில் அது விழுந்தது. அவன் கையில் முறுக்குத் தட்டு இருந்தது. தட்டை நீட்டிக்கொண்டே இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் பலகைச் சுவரில் சத்தம் கேட்டது. முதலில் தட்டுவது போல, பிறகு அறைவது போல. பெண்ணைப் பெற்றவர் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, "என்ன தம்பி அது?" என்றார்.

"எலிங்க" என்றான் மனோஜ்குமார்.

"இம்புட்டுப் பெரிய எலியா!"

"மலை எலிங்க. பூண்டத் தின்னு கொழுத்துக் கெடக்கு."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டது, கண்ணுகளா. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சம்பந்தம் கைகூடவில்லை என்பது வேறு விஷயம். ஜீப் கிளம்பும்போது அவனும் ஏறிக்கொண்டு, வழிகாட்டுகிறேன் என்று அவர்களோடேயே போய்விட்டான். விறகு தள்ளிவிடக் கதவைத் திறந்த கருப்பம்மாளின் காலில் மகாதேவி தட்டுப்பட்டாள். மூச்சு இருந்தது, நினைவு இல்லை.

பூண்டு நல்ல விலைக்குப் போன வருஷம் அது. "திருட வந்தவ மாட்டிக்கிட்டா" என்று கருப்பம்மாள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. தண்ணீர் தெளித்து எழுப்பியதும் மகாதேவி நடந்ததைச் சொன்னாள். ஜீப்போடு போய்த் திரும்பி வந்த மனோஜைக் கேட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

புகையும் பூண்டும் ஏறிய அவள் தலைமுடி சீயக்காய்க்கும் மசியவில்லை, எலுமிச்சைக்கும் மசியவில்லை. தெருவில் போனால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "எலி, எலி" என்று ஓடினார்கள். வாடை ஒருவழியாகப் போனது. பெயர் போகவில்லை. அவள் அப்பா மலைச்சாமி கோயில் கூட்டத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மகள் செய்யாத திருட்டுக்கு மன்னிப்புக் கேட்டார். மகாதேவி தூணுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். அந்த வருஷமே மனோஜ் சினிமாவுக்கு என்று சென்னைக்குப் போனான். இவள் கொடைக்கானலில் சித்தி வீட்டுக்குப் போனாள்.

வருஷங்கள் ஓடின. கொடைக்கானலுக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வீடு, காடு, வண்டி, சாப்பாடு எல்லாம் பிடித்துக் கொடுக்கும் வேலையில் மகாதேவி பெயரெடுத்தாள். 'லோக்கல் மேனேஜர்' என்பார்கள். போனில் அவள் பேச்சே தனி. "பனி வேணும்னா வெள்ளனே வாங்க. வெயில் வேணும்னா சாமியக் கும்புட்டுட்டு வாங்க" என்பாள்.

போன வருஷம் திண்டுக்கல் தயாரிப்பாளர் குமரகுரு அவளைக் கூப்பிட்டார். "காதல் காமெடிப் படம்மா. பழைய பங்களா ஒண்ணு வேணும். கதவு நெறைய இருக்கணும். கதவுதான் படமே."

கதவுகள் நிறைந்த ஒரு பங்களாவைப் பிடித்துக் கொடுத்தாள். ஆட்கள் வந்து இறங்கிய அன்று, இரண்டாவது காரிலிருந்து குளிர்க்கண்ணாடியும் கழுத்தில் சால்வையுமாக இறங்கினார் டைரக்டர். மனோஜ்குமார்.

அவனுக்கு ஒரு நொடி முகம் செத்தது. பிறகு சிரித்தான். "மகாவா! எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேங்க சார்" என்றாள்.

அன்று பங்களாவின் கூடத்தில் அவன் எல்லோருக்கும் கதை சொன்னான். கதாநாயகியாக நடிக்க வந்த லீலா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள், குமரகுரு சோபாவில். கூட்டக் காட்சிக்கு ஆள் பேச மகாதேவி என்னையும் வரச் சொல்லியிருந்ததால் நானும் ஓர் ஓரத்தில் இருந்தேன்.

"பிரெஞ்சுக்காரங்க மேடையில 'ஃபார்ஸ்'னு ஒரு தினுசு நாடகம் இருக்கு" என்று ஆரம்பித்தான். "ஒரு வீடு, சுத்திக் கதவு. புருசன் இந்தக் கதவுல வர, காதலன் அந்தக் கதவுல போவான். கட்டிலுக்கு அடியில ஒருத்தன், அலமாரிக்குள்ள ஒருத்தி. ஒரு பொய்ய மறைக்க இன்னொரு பொய். சொன்ன பொய்யே அவனக் கையப் புடிச்சு அடுத்த குழிக்கு இழுத்துட்டுப் போகும். வேகம், வேகம்! ஆடியன்ஸ யோசிக்க விடக்கூடாது. யோசிச்சா நாம செத்தோம்."

எழுந்து நடித்தே காட்டினான். கதவுக்குக் கதவு ஓடினான். மாமனாராக இருமினான், மாப்பிள்ளையாகக் குழைந்தான். எனக்கு வயிறு வலித்துவிட்டது. மகாதேவியும் சிரித்தாள். அந்த வகைக் கதைக்கு அப்படி ஒரு வசியம் உண்டு. உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாதது பார்க்கிற நமக்குத் தெரியும். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் பதுங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது நாமே குட்டிச் சாமி ஆகிவிடுகிறோம். ஊருக்குள் மீசையை முறுக்குகிறவன் கட்டிலுக்கடியில் தவழ்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அப்புறம் கடைசிக் கட்டத்துக்கு வந்தான். கதாநாயகனைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்துவிடுகிறார்கள். காதலியை அலமாரிக்குள் தள்ளுகிறான். அம்மாக்காரி தெரியாமல் பூட்டிவிடுகிறாள். உள்ளே தட்டும் சத்தம்.

"பொண்ணோட அப்பா கேக்குறாரு, என்ன தம்பி அது? இவன் சொல்றான்..." மனோஜ் ஒரு கணம் நிறுத்தினான். "எலிங்க! இம்புட்டுப் பெரிய எலியா? மலை எலிங்க!"

கூடம் அதிர்ந்தது. குமரகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யோவ், எங்கய்யா புடிச்ச இத?"

"பிரான்ஸ் சரக்கு சார். நம்ம ஊருக்குத் தக்கன மாத்திக்கிட்டேன்."

நான் மகாதேவியைப் பார்த்தேன். அவள் வாய் சிரித்தபடியே நின்றுபோயிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சிரிப்பு, இத்தனை வருஷம் கழித்து, இப்போது ஊர் ஊராகத் தியேட்டரில் கேட்கப்போகிறது.

லீலா கையைத் தூக்கினாள். "சார், உள்ள நான் என்ன பண்ணிட்டு இருப்பேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. கதவு சாத்துனதும் உள்ள இருக்குறவங்க இல்லாம போயிடணும். ஃபார்ஸ்ல அதான் ரூல். உள்ள போய் எட்டிப் பாத்தா சிரிப்பு செத்துரும்."

"அப்ப கடைசியில அவனையே கல்யாணம் பண்ணிக்கிறேனே, அது எப்படி? என்னைய எலின்னு சொன்னவன."

"காதல் படம்மா. கல்யாணத்துலதான முடியணும். நீ அலமாரியில இருந்து தும்மிக்கிட்டே விழுவ, அவன் தாங்கிப் பிடிப்பான், மியூசிக். யாரு யோசிக்கப் போறா?"

மாலையில் வராந்தாவில் அவனைத் தனியாகப் பிடித்தாள் மகாதேவி. நான் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"பிரான்ஸ்ல இருந்தா எடுத்தீங்க சார்?"

"மகா, மனசுல வச்சுக்காத. அது காமெடி."

"நீங்க எலியக் காட்டுங்க, புலியக் காட்டுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. அதுக்கு முன்னாடி ஊருக்கு வாங்க. எங்கப்பா முன்னாடி, உங்க அம்மா முன்னாடி, ஊரு முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க. உள்ள இருந்தது மகாதேவி, நான் கூப்பிட்டுத்தான் வந்தான்னு. எங்கப்பா இன்னும் அந்தக் கோயில் கூட்டத்துக்குப் போறதில்ல."

அவன் சால்வையைச் சரிசெய்துகொண்டான். "மொதப் படம் மகா. காதல் படம் எடுக்குறவன் இப்படின்னு பேச்சு கெளம்புனா என் கதி என்ன? பழச எதுக்குக் கிண்டணும்?"

"நீங்க கிண்டலாம். நான் கிண்டக் கூடாதா?"

"நான் கிண்டுறதுல நீ இல்லையே! கதவு சாத்தியாச்சு, உள்ள யாருமில்ல. அதான் சொன்னேன்ல."

"யாருமில்ல?"

"யாருமில்ல."

"சரிங்க சார்" என்றாள் மகாதேவி.

அவளுடைய 'சரிங்க சார்' எப்படிப்பட்டது என்று கொடைக்கானலில் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

மறுநாள் அவள் குமரகுருவிடம் காபியைக் கொடுத்துக்கொண்டே பேச்சைப் போட்டாள். "அலமாரி எல்லாப் படத்துலயும் வருதுங்க. எங்க ஊர்ல பூண்டுக்குப் புகை போடுற அறை இருக்கு. உத்தரம் பூராக் கொத்துக் கொத்தாத் தொங்கும். வெயிலும் புகையும் கலந்தா சாமி சன்னதி மாதிரி இருக்கும். எங்க வீட்டுலயே எடுக்கலாம்."

குமரகுருவுக்குப் பிடித்துப்போயிற்று. "இது புதுசு! யாரும் எடுத்ததில்ல!" என்று குதித்தார். மனோஜ் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான். ஏன் வேண்டாம் என்று கேட்டால் பதில் வேண்டுமே! புகை வரும் என்றான்; கொஞ்சமாகப் போடலாம் என்றார். தூரம் என்றான், உன் சொந்த ஊருதானய்யா என்றார். சொன்ன பொய்யே அவன் கையைப் பிடித்துக்கொண்டு பூம்பாறைக்கு நடந்தது.

அன்று எங்கள் ஊரில் திருவிழாக் கூட்டம். தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். மலைச்சாமி வீட்டு முன்வாசலில் பெரிய குடை நட்டு, அதன் கீழே டைரக்டர் பார்க்கும் சின்ன டிவி வைத்திருந்தார்கள். கேமரா எதைப் பிடிக்கிறதோ அது அதில் தெரியும். மலைச்சாமி கூடத்துக் கதவருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனோஜ் அவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

லீலா அன்றும் விடவில்லை. "உள்ள ஒரு ஷாட்டாவது வேணும் சார். எனக்கு அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு தெரியாம வெளிய வந்து விழ முடியல."

"எடுத்துத்தான் பாரேன்யா, வேணாம்னா வெட்டிக்கலாம்" என்றார் குமரகுரு.

மனோஜுக்கு எரிச்சல். கேமராவை அறைக்குள் நிறுத்தச் சொன்னான். "நானே நடிச்சுக் காட்டுறேன். நான் எம்புட்டுக் கத்தினாலும், எம்புட்டுத் தட்டினாலும் ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது. நான் கட் சொல்றப்ப வந்தாப் போதும்."

கேமராக்காரர் வெளியே வந்து குடைக்கடியில் உட்கார்ந்தார். காட்சிக்காக மகாதேவி கொஞ்சமாகப் புகை போட்டு வைத்திருந்த அந்த அறைக்குள் மனோஜ் பின்சந்து வழியாகப் போய்க் கதவை ஒருக்களித்து வைத்தான். சந்தில் கதவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் நின்றிருந்தார்.

"அண்ணே, சாப்பாட்டு வண்டி வந்துருச்சு. வெரசா எறக்குங்க" என்று மகாதேவி அவரை அனுப்பிவிட்டாள்.

அவள் செய்தது அவ்வளவுதான், கண்ணுகளா. கதவை அவள் விரலால்கூடத் தொடவில்லை. முன்வாசலுக்கு வந்து கூடத்துப் பலகைச் சுவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புகை போட்ட அறை திறந்து கிடக்கிறது, ஊர் பூம்பாறை, யாராவது ஒருவர் அந்தச் சந்தில் வருவார். யார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

வந்தது கருப்பம்மாள்.

மகன் படம் எடுக்கிற இடத்தைப் பார்க்கத் தோட்டத்திலிருந்து தலையில் புல்லுக்கட்டோடு குறுக்குச் சந்தில் வந்திருக்கிறாள். முன்வாசலுக்கு வந்து கட்டை இறக்கியதும் முதல் பேச்சே அதுதான்.

"பொகை அறைய எந்தக் கூறுகெட்டதோ தெறந்து போட்டுட்டுப் போயிருக்கு. நான்தான் சாத்திட்டு வந்தேன். எம்மவன் எங்கப்பா?"

குடைக்கடியில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லோர் கண்ணும் டிவியில். அதில் மனோஜ் முதலில் ஒயிலாகத் தட்டினான், பெண் மாதிரி இடுப்பை வளைத்து. கைதட்டினார்கள். பிறகு திரும்பிக் கதவைத் தள்ளிப் பார்த்தான். திறக்கவில்லை. இன்னொரு முறை தள்ளினான், தோளைக் கொடுத்து. இருமல் வந்தது.

"பிரமாதம்யா! என்னா நடிப்பு!" என்றார் குமரகுரு.

டிவியில் படம்தான் வரும், சத்தம் வராது. பலகைச் சுவர் அதிர்ந்தது. ஒரு முறை, அப்புறம் விடாமல். குமரகுரு சிரிப்போடு மகாதேவியைத் திரும்பிப் பார்த்து, அவரும் நடிப்பதுபோல் கேட்டார்.

"என்னம்மா அது சத்தம்?"

"எலிங்க" என்றாள் மகாதேவி.

கூட்டம் கெக்கலித்தது. "இம்புட்டுப் பெரிய எலியா!" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மாசிக் குளிரில் வெயில் முதுகில் படும்போது மாடு கண்ணை மூடிக்கொள்ளுமே, அப்படி இருந்தாள்.

உள்ளே அவன் "கட்! கட்!" என்று கத்தியிருக்கிறான். பலகைக்கு ஒட்டி நின்ற அவளுக்கு மட்டும் அது கேட்டது. அந்த அறைக்குள்ளிருந்து குரல் எவ்வளவு தூரம் போகும், எங்கே செத்துப்போகும் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

டிவியில் அவன் முட்டி போட்டுவிட்டான். தரையோடு முகத்தை வைத்துக் கதவிடுக்கில் மூச்சு தேடினான். எச்சில் ஒழுகியது. உதடு 'அம்மா' என்று அசைந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சிரிப்பு நின்றது. லீலா எழுந்துவிட்டாள்.

"அவர் நடிக்கல. சார், அவர் நடிக்கல!"

மகாதேவி முன்னால் நடந்தாள். ஊர் பின்னால் ஓடியது. சந்தில் அவள் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள். கருப்பம்மாள், "ஐயோ எம்மவனா உள்ள? தெறடி!" என்று பாய்ந்தாள்.

"தெறக்கிறேன் அத்தே. உசுருக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு கைப்பிடி வெறகுதான் போட்டேன். நீங்க அன்னைக்குப் போட்டது ஒரு கட்டு." கதவில் தட்டினாள். "உள்ள யாரு?"

"மகா... தெற..."

"உள்ள யாருமில்லையே சார். கதவு சாத்துனா யாருமில்லன்னீங்களே. எலியா?"

"எலி இல்ல... நான்..."

"அன்னைக்கு உங்க வீட்டு அறையில இருந்தது? அதுவும் எலியா?"

உள்ளே இருமல். சந்து முழுக்க ஆள். மலைச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"சொல்லிட்டு வாங்க. மியூசிக்கெல்லாம் போடமாட்டேன்" என்றாள்.

"நீதான்... மகாதேவிதான் இருந்துச்சு. நான்தான்... கூப்பிட்டேன். நான்தான் உள்ள தள்ளுனேன். திருட வரல... எலின்னு பொய் சொன்னேன்... தெற மகா..."

அவள் தாழ்ப்பாளை எடுத்தாள். கதவோடு அவனும் வெளியே வந்து விழுந்தான். தாங்கிப் பிடிக்க யாரும் கையை நீட்டவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக, சால்வையெல்லாம் கரியும் பூண்டுச் சருகுமாய்த் தும்மிக்கொண்டே கிடந்தான். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எலி!" என்றது. அப்போது ஊர் சிரித்தது பாருங்கள்! மகாதேவி தலையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மலைச்சாமி சிரிக்கவில்லை. கருப்பம்மாளிடம், "கோயில் கூட்டம் எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

மகனைத் தூக்கிவிடக் குனிந்த கருப்பம்மாள் பாதியில் நின்றுவிட்டாள். "ஏலே, நீ கூட்டியாந்த புள்ளயவா நான் பூட்டுனேன்? தெரிஞ்சேவா முறுக்குத் தட்ட நீட்டிக்கிட்டு இருந்த?" என்றாள். புல்லுக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள்.

"எலுமிச்சம்பழம் தேய்ங்க சார்" என்று மகாதேவி அவனுக்கு வழி சொன்னாள். "போகாது. இருந்தாலும் தேய்ங்க."

அவன் கொடைக்கானல் திரும்பியபோது காரில் கூட உட்கார ஆள் கிடைக்கவில்லை என்று கேள்வி.

இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? பழி அவ்வளவு சீக்கிரம் ஆறுமா? லீலா அன்று டிவியில் பார்த்ததை மறக்கவில்லை. முட்டி போட்டது, கதவிடுக்கில் மூச்சு தேடியது, உதடு அசைந்தது, எல்லாவற்றையும் அப்படியே நடித்தாள். குமரகுரு அந்த உள் காட்சியை வெட்டக் கூடாது என்று நின்றுவிட்டார். மனோஜும் மேலே ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறந்தால் யாராவது எலி என்பார்கள். ஆனால் கடைசிக் கல்யாணத்தை மட்டும் மாற்ற மாட்டேன் என்றான். வேகமாகக் கொண்டுபோனால் யாரும் யோசிக்க மாட்டார்கள் என்று அப்போதும் நம்பினான்.

திண்டுக்கல் தியேட்டருக்கு மகாதேவி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். முதல் பாதி, பொய் சொல்லக் கூடாது, அருமை. கதவுகள் படபடத்தன, ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. புகை அறை வந்தது. "எலிங்க" என்றதும் தியேட்டர் இடிந்தது. அடுத்த நொடி கேமரா உள்ளே போனது. அந்தப் பெண் தரையில் கிடந்தாள். சிரித்துக்கொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றது, ஒரு குழந்தை மட்டும் ஏதோ கேட்டது. அதற்குப் பிறகு எத்தனை கதவு திறந்தும் சிரிப்பு வரவில்லை. கல்யாணக் காட்சி வந்தபோது எங்கள் முன்வரிசையில் ஓர் அம்மா சத்தமாகவே கேட்டாள்.

"இவன எதுக்குடி கட்டிக்கிறா இவ? கிறுக்கச்சியா?"

தியேட்டர் முழுக்க ஆமாம் போட்டது. அவ்வளவுதான், படம் அடுத்த வாரத்துக்கு நிற்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று பார்க்கிறவரைக்கும் காதலும் கல்யாணமும் எல்லாம் பொருந்தித்தான் போகிறது. உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டால் அந்தத் தாலி கழுத்தில் ஏறமாட்டேன் என்கிறது. மகாதேவி இடைவேளையில் வாங்கிய முறுக்கை அந்தக் கல்யாணக் காட்சிக்கென்றே மிச்சம் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக, சத்தம் வரக் கடித்துத் தின்றாள்.

இப்போதும் எங்கள் ஊரில் திறந்து கிடக்கும் புகை அறையைப் பார்த்தால் கை தானாகப் போகத்தான் செய்கிறது. ஆனால் தாழ்ப்பாள் போடுவதற்கு முன் எல்லோரும், "உள்ள யாரு?" என்று ஒரு குரல் கொடுக்கிறார்கள். மற்ற எல்லோரையும்விட உரக்கக் கேட்பது கருப்பம்மாள்தான். மகாதேவி குரல் கொடுப்பதில்லை. அவள் கதவை முழுசாகத் திறந்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சாத்துகிறாள்.